மூன்று வாரத்துச் சர்க்கரை

மார்ச் 3

அன்புள்ள அக்காவுக்கு,

நான் போனை எடுப்பதில்லை என்று நீ அத்தானிடம் புலம்பியதாகக் கேள்விப்பட்டேன். வேண்டுமென்றேதான் எடுக்கவில்லை. போனில் நான் ஆரம்பிக்கிற வாக்கியத்தை நீதான் முடிப்பாய். நாற்பத்தேழு வயதாகியும் உன்னிடம் ஒரு விஷயத்தையாவது கடைசிவரை சொல்லி முடித்த ஞாபகம் எனக்கு இல்லை. கடிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது. அதனால்தான் பேனாவைத் தேடி எடுத்திருக்கிறேன்.

உன் மகளுடைய புது வீட்டில் எல்லோரும் சாப்பிட உட்கார்ந்த அன்று நடந்ததை நீ மறந்திருப்பாய். சொன்னவர்களுக்கு மறந்துவிடும். என் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டைக் கைப்பையிலிருந்து எடுத்து, கண்ணாடியை மூக்குக்கு இறக்கி, ஆஸ்பத்திரியில் டோக்கன் கூப்பிடுகிற குரலில் படித்தாய். "மூணு மாச சர்க்கரைச் சராசரி எட்டு புள்ளி ஆறு. ஏழுக்குள்ள இருக்கணும். நண்டு, நீ பொய் சொல்றே. ரத்தம் பொய் சொல்லாது."

அத்தான் கரண்டியை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார். உன் சம்பந்தி அம்மா என்னைப் பார்த்த பார்வையை வீட்டுக்கு வந்து இரண்டு நாள் அசை போட்டேன். கடையில் பிஸ்கட் பாக்கெட்டை முந்தானைக்குள் சொருகி மாட்டிக்கொண்டவளைப் பார்ப்பதுபோல் பார்த்தார். என் வீட்டுக்காரர் மட்டும் சாப்பிட்டுக்கொண்டே இருந்தார். அவர் லிஃப்ட் மெக்கானிக். எந்த எண்ணைச் சொன்னாலும் எத்தனையாவது மாடி என்று யோசிக்கிற ஆள்.

நான் பேக்கரியில் கேக் அலங்கரிக்கிறேன், வாஸ்தவம். காலை எட்டு மணி முதல் மாலை நாலு வரை கிரீமுக்கும் சர்க்கரைப் பொடிக்கும் நடுவில்தான் நிற்கிறேன். ஆனால் ஒரு வருடமாக ஒரு துணுக்குக் கேக் வாயில் வைத்ததில்லை. சுகர் மெஷினில் தினமும் மூன்று வேளை விரலைக் குத்திப் பார்த்து நோட்டில் எழுதுகிறேன். அந்த நோட்டை உன்னிடம் காட்டினேன். நீ இரண்டு பக்கம் புரட்டிவிட்டு மூடி வைத்தாய்.

இப்போது கேள். உன் லேப் ரிப்போர்ட்டைப் பார்த்து இங்கே டாக்டர் மாத்திரையை இரட்டிப்பாக்கிவிட்டார். பத்து நாளாகக் காலை பதினொரு மணி ஆனால் கை நடுங்குகிறது. நெற்றியில் வியர்வை. நேற்று முன்தினம் கிரீமில் ரோஜா இதழ் பிழிந்துகொண்டிருந்தேன், அது முட்டைக்கோஸ் மாதிரி வந்தது. விரலைக் குத்திப் பார்த்தால் சர்க்கரை ஐம்பத்தெட்டுக்கு இறங்கியிருக்கிறது. மாவு மூட்டைமேல் உட்கார்ந்து குளுக்கோஸ் கரைத்துக் குடித்தேன்.

இவ்வளவுதான். முழுசாகச் சொல்லி முடித்துவிட்டேன். நன்றாகத்தான் இருக்கிறது.

உன் தங்கை
(நண்டு என்று கையெழுத்துப் போட மனசு வரவில்லை)


மார்ச் 9

நண்டு,

கடிதம் கிடைத்தது. நான் வரிசையாகப் பதில் சொல்கிறேன்.

முதலாவது, சாப்பாட்டு நேரத்தில் சொன்னது தப்பு. அதை ஒப்புக்கொள்கிறேன். உன் அத்தானும் மூன்று நாளாக அதையேதான் சொல்லிக்கொண்டிருக்கிறார். தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் சொன்ன விஷயம் சொன்னதுதான்.

இரண்டாவது, ஐம்பத்தெட்டு. அதை விளையாட்டாக எடுக்காதே. காலைச் சாப்பாட்டைத் தள்ளிப் போட்டிருப்பாய். வேலை மும்முரத்தில் நீ அப்படித்தான். பையில் எப்போதும் குளுக்கோஸ் இருக்கட்டும். டாக்டரிடம் போய்ச் சொல். நீயாக மாத்திரையை நிறுத்தாதே.

மூன்றாவது, நோட்டு. நண்டு, நான் இருபத்தாறு வருடமாக ரத்தப் பரிசோதனை மேஜையில் உட்கார்ந்திருக்கிறேன். அந்த நோட்டில் எல்லா எண்ணும் ஒரே பேனாவில், ஒரே சாய்வில், ஒரே நாளில் உட்கார்ந்து எழுதினதுபோல் இருக்கிறது. எல்லாம் நூற்றுப் பத்து, நூற்று முப்பது. அப்படி வாழ்கிற ஆளுக்கு மூன்று மாத சராசரி எட்டு புள்ளி ஆறு வராது. ஒன்று நோட்டு தப்பு, இல்லை என் மெஷின் தப்பு. மெஷினைத் தினமும் காலையில் சரிபார்த்த பிறகுதான் முதல் டியூப்பை வைக்கிறேன்.

இதற்குமேல் எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். ஆனால் நீ என்னைக் கல்நெஞ்சுக்காரி என்று நினைத்துக்கொள்வாய். அப்பாவும் நோட்டுப் போட்டு வைத்திருந்தார், ஞாபகம் இருக்கிறதா? நீலக் கோடு போட்ட நோட்டு. நூற்றிருபது, நூற்றிருபது, நூற்றிருபது. நான் அப்போது படித்துக்கொண்டிருந்தேன். அவர் காட்டியதை எல்லாம் நம்பினேன். சர்க்கரையால் ஒரு காலை வெட்டி எடுக்க வேண்டும் என்று டாக்டர் சொன்ன அன்றுதான் அப்பா என்னைப் பார்த்து, "சும்மாதாம்மா எழுதினேன், நீ கவலைப்படுவேன்னு" என்றார். இன்னொரு முறை நான் ஏமாற மாட்டேன். நீ என்மேல் கோபமாக இருந்தாலும் இரண்டு காலோடு கோபமாக இரு.

அக்கா


மார்ச் 15

அக்கா,

எல்லா எண்ணும் ஒரே பேனாவில் இருப்பதற்குக் காரணம், அந்தப் பேனாவை நோட்டோடு நூல் போட்டுக் கட்டி வைத்திருக்கிறேன். இல்லாவிட்டால் என் வீட்டுக்காரர் எடுத்துக்கொண்டு போய்விடுவார். லிஃப்ட் ஆபீஸில் எங்கள் வீட்டுப் பேனா பன்னிரண்டாவது இருக்கும். இதை நீ நேரில் கேட்டிருந்தால் அரை நிமிடத்தில் சொல்லியிருப்பேன்.

அப்பா விஷயத்தைப் படித்தேன். உன்னிடம் அவர் அப்படிச் சொன்னது எனக்குத் தெரியாது. இவ்வளவு வருடம் நீ சொல்லவும் இல்லை. ஆனால் அவர் கணக்கை என் தலையில் எழுதாதே, அக்கா. நான் அப்பா இல்லை.

நீ நினைப்பதுபோல் கேக் செய்கிறவர்கள் எல்லாம் நக்கிக்கொண்டே இருப்பதில்லை. கிரீம் பதம் விரலுக்குத் தெரியும். கரண்டியைத் தூக்கினால் நுனி வளைந்து நிற்க வேண்டும், அவ்வளவுதான். இனிப்பு சரியா என்று பார்ப்பது மட்டும் மாவு பிசைகிற அண்ணன். அவருக்கு நாங்கள் 'நாக்கு' என்றே பேர் வைத்திருக்கிறோம். ஒரு ஸ்பூன் வைத்தால் கண்ணை மூடி, வானத்தைப் பார்த்து, ஏதோ நாட்டுக்கே தீர்ப்புச் சொல்வதுபோல், "பரவாயில்ல" என்பார். இருபது வருடமாக அந்த ஒரு வார்த்தைதான். அவர் "பரவாயில்ல" என்று இழுத்துச் சொன்னால் சர்க்கரை போதும். சட்டென்று சொன்னால் இன்னும் ஒரு பிடி வேண்டும்.

சொல்ல வேண்டாம் என்று நினைத்தேன், சொல்லிவிடுகிறேன். செவ்வாய்க்கிழமை ஓவனிலிருந்து தட்டை இழுக்கும்போது கண் இருட்டிக்கொண்டு வந்தது. தட்டு சாய்ந்து முழங்கைக்குக் கீழே பட்டுவிட்டது. கொப்பளம்தான், பெரிய காயம் இல்லை. நாக்கு அண்ணன்தான் பிடித்து உட்கார வைத்து, விரலைக் குத்தச் சொன்னார். ஐம்பத்து மூன்று. அன்று காலை நன்றாகச் சாப்பிட்டிருந்தேன். டாக்டரிடம் போனேன். அவர் உன் ரிப்போர்ட்டைத் தட்டிக் காட்டி, "உங்க அக்கா லேப் ரிப்போர்ட்டும்மா இது, அதுல எட்டரைக்கு மேல இருக்கு. அடுத்த மாசமும் இறங்கலைன்னா இன்சுலின் ஊசிதான்" என்கிறார். உன் பெயருக்கு இங்கே அவ்வளவு மரியாதை.

நடுங்குகிற கையோடு இந்த வேலையைச் செய்ய முடியாது. முதலாளியம்மா இப்போதே மூன்றடுக்குக் கேக்கை வேறொருத்தியிடம் கொடுத்துவிட்டார். எனக்குக் கேக் மேல் பேர் எழுதுகிற வேலை மட்டும்தான். நேற்று அதிலும் ஒரு எழுத்து கோணலாகப் போய்விட்டது.

ஒன்று கேட்கிறேன். என்னை உனக்குத் தெரியாது என்று வைத்துக்கொள். யாரோ ஒருத்தி. அவள் விரல் ஒரு எண் சொல்கிறது, உன் மெஷின் வேறு எண் சொல்கிறது. மாத்திரையைக் கூட்டினால் மயங்கி விழுகிறாள். அவளைப் பொய் சொல்கிறாள் என்று முடிவு கட்டிவிட்டுப் போய்விடுவாயா? அந்த யாரோ ஒருத்திக்கு நீ என்ன செய்வாயோ அதை எனக்கும் செய்.

உன் தங்கை


மார்ச் 22

நண்டு,

முதலில் இது. நேற்றே உன் டாக்டருக்குப் போன் செய்து பேசிவிட்டேன். மாத்திரை பழைய அளவுக்கே திரும்பலாம் என்றார். உன் வீட்டுக்காரரிடமும் சொல்லியிருக்கிறேன். அவர் "சரிங்க, சரிங்க" என்றார். உனக்குச் சொன்னாரா என்று தெரியவில்லை, அதனால் எழுதுகிறேன். காயத்துக்கு மருந்து போடுகிறாயா? சர்க்கரை இருக்கிற உடம்பில் கொப்பளம் சும்மா ஆறாது. உடைக்காதே.

இப்போது விஷயம். யாரோ ஒருத்திக்கு என்ன செய்வேன் என்று கேட்டாய். யாரோ ஒருத்தி என்றால் அவளுடைய ஸ்லைடை எடுத்துப் பார்த்திருப்பேன். ஒரு துளி ரத்தத்தைக் கண்ணாடியில் தேய்த்து, சாயம் போட்டு, மைக்ராஸ்கோப்பில் பார்ப்பது. நீ பிப்ரவரியில் வந்தபோது எடுத்த ஸ்லைடு அலமாரியில் இருந்தது. நான் அதைப் பார்க்கவே இல்லை. மெஷின் எண் கொடுத்துவிட்டது, எனக்குக் கோபம் வந்துவிட்டது, அதோடு முடிந்தது.

வியாழக்கிழமை எடுத்து வைத்துப் பார்த்தேன். சிவப்பணுக்களில் ஆங்காங்கே ஒரு சின்னக் கறுப்புப் புள்ளி. வளையலில் ஒட்டின மை மாதிரி. சாதாரண ஆள் ரத்தத்தில் அது இருக்காது, மண்ணீரல் பொறுக்கி எடுத்துவிடும். ஸ்லைடின் ஓரத்தில் பக்கத்து மேஜைக்காரர் பென்சிலால் எழுதியிருக்கிறார்: "புள்ளிகள் உள்ளன. முன்பு ஆபரேஷன் உண்டா?" அதை யாரும் தொடர்ந்து பார்க்கவில்லை. ஏன் என்றால் உன் ஃபாரத்தில், முன்பு நடந்த அறுவை சிகிச்சைகள் என்ற கட்டத்தில், 'இல்லை' என்று எழுதியிருக்கிறது.

அது என் கையெழுத்து. உனக்காக அந்த ஃபாரத்தை நான்தான் நிரப்பினேன்.

நான் யோசித்து எழுதினதில்லை, நண்டு. உன் எட்டாவது வயதில் நான் மிதித்த சைக்கிளிலிருந்து நீ விழுந்ததையும், கேரியர் கம்பி வயிற்றில் குத்தி, ஆபரேஷனில் உன் மண்ணீரலை எடுத்ததையும் நம் வீட்டில் யாரும் பேசுவதில்லை. அம்மா பேச விட்டதில்லை, பிறகு நமக்கே பழகிவிட்டது. பேசாமல் இருந்து இருந்து, ஃபாரத்திலும் பேசாமல் விட்டுவிட்டேன். மண்ணீரல் இல்லாதவர்களுக்கு இந்த மூன்று மாத டெஸ்ட் ஏமாற்றலாம் என்று பயிற்சிக்கு வருகிறவர்களுக்கெல்லாம் பாடம் நடத்துகிறவள் நான். எனக்கு இது தோன்றவே இல்லை.

உனக்குப் புரிகிற மாதிரி சொல்கிறேன். ஒரு சிவப்பணு சுமார் நாலு மாதம் ஓடும். ஓடும்போது அதன்மேல் சர்க்கரை ஒட்டும். எவ்வளவு ஒட்டியிருக்கிறது என்று பார்ப்பதுதான் மூன்று மாத டெஸ்ட். கிழடுதட்டின அணுக்களைக் கழித்துக்கட்டுவது மண்ணீரலின் வேலை. உனக்கு அது இல்லை. உன் அணுக்களுக்கு ஓய்வு கொடுக்க ஆள் இல்லாமல் அவை பழைய பஸ் மாதிரி ஓடிக்கொண்டே இருக்கின்றன. பழைய பஸ்ஸில் அழுக்கு அதிகமாகத்தான் இருக்கும். அதைப் பார்த்து இன்றைக்கு ரோட்டில் எவ்வளவு தூசி என்று சொல்ல முடியாது. போதாக்குறைக்கு உனக்கு இரும்புச்சத்தும் குறைவு, அதுவும் எண்ணை ஏற்றிக் காட்டும். எல்லோருக்கும் இவ்வளவு வித்தியாசம் வராது. உனக்கு இரண்டும் சேர்ந்துகொண்டது.

இதற்கு வேறு டெஸ்ட் இருக்கிறது. ஃப்ரக்டோசமின் என்று பெயர். சிவப்பணுவை விட்டுவிட்டு, ரத்தத்தில் இருக்கிற புரதத்தில் ஒட்டின சர்க்கரையைப் பார்க்கும். புரதம் இரண்டு மூன்று வாரத்தில் மாறிவிடும். அதனால் கடைசி இரண்டு மூன்று வாரம் நீ எப்படி இருந்தாய் என்பதைத்தான் அது சொல்லும். மண்ணீரலுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. இங்கே அந்த டெஸ்ட் கிடையாது, பெரிய லேபுக்கு அனுப்புவார்கள். ரிசல்ட்டின் ஒரு பிரதி எனக்கும் வரும்.

பழைய அளவு மாத்திரையோடு மூன்று வாரம் இரு. வழக்கம்போல் சாப்பிடு. ஏப்ரல் 13 அன்று உன் டாக்டரிடம் போய் ரத்தம் கொடு. அதற்காகப் புதிதாக எதையும் செய்யாதே, எதையும் விடாதே.

மற்றது பிறகு.

அக்கா


ஏப்ரல் 2

அன்புள்ள அக்கா,

என் வீட்டுக்காரர் எனக்குச் சொன்னது இதுதான்: "உங்க அக்கா போன் பண்ணாங்க. மாத்திரை கீழ எறங்குதாம்." அவர் பாஷையில் அது முழு விவரம்.

கை நடுக்கம் நின்றுவிட்டது. நாலாவது நாளே தெரிந்தது. கொப்பளம் காய்ந்து தோல் உரிகிறது, உடைக்கவில்லை, நீ கண்ணை உருட்டாதே. முதலாளியம்மா ஒரு இரண்டடுக்கைக் கொடுத்துப் பார்த்தார். ரோஜா ரோஜாவாகவே வந்தது. நாக்கு அண்ணன் கிட்டே வந்து பார்த்துவிட்டு, "பரவாயில்ல" என்று நன்றாக இழுத்தார்.

கடிதத்தை நாலு தடவை படித்தேன். எனக்கு ஓய்வு பெறாத ரத்தம் என்பது பிடித்திருக்கிறது. வீட்டில் யாராவது வேலை ஏவினால், என் ரத்தம் ஏற்கெனவே ஓவர்டைம் பார்க்கிறது என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

ஆனால் ஒரு உண்மையைச் சொல்ல வேண்டும். மூன்று வாரம்தான் என்று நீ எழுதினாயே, அதைப் படித்ததும் எனக்கு ஒரு புத்தி தோன்றியது. மூன்று மாதம் வாயைக் கட்டுவதுதான் கஷ்டம். மூன்று வாரம் நான் பச்சைத் தண்ணீரிலும் வெள்ளரிக்காயிலும் ஓட்டிவிடுவேன். எண் அடிமட்டத்துக்கு இறங்கி நிற்கும். அதை உன் மகள் வீட்டு மேஜையில் எல்லோர் முன்னாலும் வைத்து, கண்ணாடியை மூக்குக்கு இறக்கி, உன் குரலிலேயே படிப்பேன். இரண்டு நாள் இப்படி ஆசையாக ஒத்திகை பார்த்தேன். முதல் நாள் மதியம் வெள்ளரிக்காயோடு உட்காரவும் செய்தேன்.

அப்புறம்தான் உறைத்தது. அப்படி ஜெயித்தால் உன் கண்ணில் நல்ல பேர் வாங்குவேன், என் சர்க்கரை நிஜமாக எப்படி இருக்கிறது என்று எனக்கே தெரியாமல் போய்விடும். அது அப்பா போட்ட நோட்டுதான், வேறு பேனாவில். வெள்ளரிக்காயை மூடி வைத்துவிட்டு எப்போதும் சாப்பிடுவதைச் சாப்பிட்டேன்.

'மற்றது பிறகு' என்று முடித்திருக்கிறாய். அந்த மற்றது என்னவென்று எனக்குத் தெரியும். உனக்கு அது வாயில் வராது என்பதும் தெரியும். சின்ன வயதில் என் பென்சில் பெட்டியை உடைத்துவிட்டு, மன்னிப்புக் கேட்பதற்குப் பதிலாக ஒரு வாரம் என் தலையை நீயே வாரிவிட்டாய். வலிக்க வலிக்க.

ஆனால் ஒன்று மட்டும் என்னை அரிக்கிறது. நீ என்னை நம்பவில்லை. ஸ்லைடைப் பார்த்தாய், அதை நம்பினாய். அந்தப் புள்ளி அங்கே இல்லாமல் இருந்திருந்தால் நான் இன்றும் பொய்க்காரிதானே? வரப்போகிற எண் நல்லதாக வந்தால் அதையும் நம்புவாய். மோசமாக வந்தால்? அப்போது நான் யார்?

பதிமூன்றாம் தேதி ரத்தம் கொடுக்கிறேன்.

நண்டு
(பேரைப் போட்டிருக்கிறேன், கவனித்தாயா)


ஏப்ரல் 16

அன்புள்ள நண்டு,

உன் ரத்தம் பெரிய லேபுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. ரிசல்ட் திங்கட்கிழமை வரும் என்கிறார்கள். இன்று வியாழன். இந்தக் கடிதத்தை இன்றே எழுதி, இன்றே தபாலில் போட வேண்டும் என்று மதியச் சாப்பாட்டு நேரத்தில் உட்கார்ந்திருக்கிறேன். திங்கட்கிழமைக்குப் பிறகு எழுதினால் அது எண்ணிடம் கேட்கிற மன்னிப்பு. உன்னிடம் கேட்டதாக ஆகாது.

என்னை மன்னித்துவிடு. நீ உண்மையைச் சொன்னாய். நான் உன்னை எல்லோர் முன்னாலும் பொய்க்காரி ஆக்கினேன். என் ரிப்போர்ட்டால்தான் மாத்திரை ஏறியது, உன் கை வெந்தது. திங்கட்கிழமை எண் எப்படி வந்தாலும் சரி, மோசமாகவே வந்தாலும் சரி, நீ சொல்வதைத்தான் முதலில் கேட்பேன். அப்புறம்தான் மெஷின். என் வேலைக்கு இது துரோகம் மாதிரி இருக்கிறது, ஆனாலும் எழுதிவிட்டேன்.

லேபுக்குச் சாப்பாடு கொண்டுவந்த உன் அத்தான் எட்டிப் பார்த்துவிட்டு, "ஒரு மன்னிப்புக்கு இத்தனை தாளா?" என்றார். இன்னும் இருக்கிறது என்றேன்.

அன்றைக்குச் சைக்கிளுக்குக் குறுக்கே நாய் வந்தது என்று அம்மாவிடம் சொன்னேன். நாய் எதுவும் வரவில்லை, நண்டு. இறக்கத்தில் இரண்டு கையையும் விட்டு ஓட்டிக் காட்டினேன். எதிரே என் வகுப்புப் பெண்கள் நின்றிருந்தார்கள். அவ்வளவுதான் காரணம். அம்மா கண் மூடும்வரை தெருவில் போன நாயை எல்லாம் திட்டிக்கொண்டிருந்தாள். நீயும் நாயைப் பார்த்ததாக ஆஸ்பத்திரியில் சொன்னாய். மருந்து மயக்கத்தில் ஏதோ உளறுகிறாய் என்று நினைத்தேன், எனக்குச் சாதகமாகப் போனதால் வாயை மூடிக்கொண்டேன்.

ஃபாரத்தில் 'இல்லை' என்று என் கை தானாக எழுதியதற்கு வேறு என்ன காரணம் இருக்க முடியும்? முப்பத்தொன்பது வருடமாக எழுதிக்கொண்டிருக்கிற 'இல்லை' அது.

என் மகள் வீட்டு மேஜையில் வைத்து என் குரலிலேயே படிக்க நினைத்தாயே? அங்கேயே, அதே ஆட்கள் முன்னால், நான் சொல்கிறேன். சம்பந்தி அம்மாவுக்கு ஏற்கெனவே சொல்லிவிட்டேன். "எனக்கு அப்பவே தோணுச்சு" என்றார். அவருக்கு எதுவும் தோன்றவில்லை.

பெல் அடித்துவிட்டது. வெளியே நாற்பது பேர் ரத்தம் கொடுக்க உட்கார்ந்திருக்கிறார்கள்.

அன்புடன்
அக்கா


ஏப்ரல் 24

அன்புள்ள அக்கா,

உன் கடிதம் சனிக்கிழமையே வந்துவிட்டது. எண் திங்கட்கிழமை மாலை வந்தது. நீ வேண்டுமென்றே முந்திக்கொண்டதைத் தபால்காரரும் காப்பாற்றிக் கொடுத்துவிட்டார்.

இருநூற்றுத் தொண்ணூற்று நாலு. உனக்கும் பிரதி வந்திருக்கும், ஆனாலும் நான் சொல்ல வேண்டும் என்று ஆசை. சர்க்கரை இல்லாதவர்களுக்கு இருநூற்று எண்பத்தைந்து வரை இருக்குமாம், சர்க்கரை உள்ளவர்களுக்கு முந்நூறுக்குள் இருந்தால் நல்ல பிள்ளையாம். டாக்டர் நோட்டை வாங்கி, இந்தத் தடவை ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். "இதோட பொருந்துதும்மா. ஊசியெல்லாம் வேண்டாம்" என்றார். இனிமேல் எனக்கு மூன்று மாத டெஸ்ட் கிடையாது, இதுதான் என்று ஃபைலில் பெரிய எழுத்தில் எழுதி, மண்ணீரல் இல்லை என்று பக்கத்திலேயே சிவப்பு மையில் போட்டார். அந்த வார்த்தையை இன்னொருவர் கையெழுத்தில் பார்க்க ஏனோ நன்றாக இருந்தது. அதற்காகப் போட வேண்டிய தடுப்பூசி ஒன்றிரண்டு பாக்கி இருக்கிறது என்று திட்டவும் செய்தார். போட்டுக்கொள்கிறேன்.

மூன்றடுக்கு திரும்ப என் கைக்கு வந்துவிட்டது. நேற்று நாற்பத்திரண்டு ரோஜா.

நாய் விஷயம். அக்கா, நான் கேரியரில் உட்கார்ந்திருந்தேன். உன் இரண்டு கையும் றெக்கை மாதிரி விரிந்ததை உன் முதுகுக்குப் பின்னால் இருந்து பார்த்தவள் நான். எனக்கும் அது பெருமையாகத்தான் இருந்தது, விழுகிற வரைக்கும். ஆஸ்பத்திரியில் அம்மா உன் தோளைப் பிடித்து உலுக்கி, "எங்க இருந்து வந்துச்சு நாயி? என்ன நெறம்?" என்று கேட்டாள். நீ திருதிருவென்று முழித்தாய். "பழுப்பும்மா, வாலு மட்டும் வெள்ள" என்றேன். மயக்கமும் இல்லை, உளறலும் இல்லை. நீ அடி வாங்குவாய் என்று சொன்னேன். அதை நீ கண்டுபிடித்திருப்பாய் என்றே இத்தனை வருடமும் நினைத்துக்கொண்டிருந்தேன். பிப்ரவரியில் எல்லோர் முன்னாலும் என்னைப் பொய்க்காரி என்றாயே, அப்போது எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது அதனால்தான். உனக்காகத்தான் நான் முதன்முதலில் வாய் கூசாமல் பொய் சொன்னேன்.

மன்னித்துவிட்டேன். அதை உன் தலையை வாரிவிட்டுச் சொல்ல முடியாது, நரைத்துப்போய் பாதி கொட்டிவிட்டது. அதனால் எழுத்திலேயே வைத்துக்கொள்.

இன்னொன்று இருக்கிறது. இதை எழுதாமல் கடிதத்தை ஒட்டலாம் என்று நேற்று நினைத்தேன். காலையில் எழுந்ததும் முடியவில்லை.

சனிக்கிழமைதோறும் பெரிய கேக்குகளுக்கு மேல்பக்கத்தைச் சமமாக வெட்டுவோம். மேடாக இருப்பதைச் சீவி எடுத்தால் நீளமாக ஒரு துண்டு வரும், இரண்டு விரல் அகலம், ஓரம் மட்டும் முறுகலாக இருக்கும். அதை நான் சாப்பிடுகிறேன். ஒரு வருடமாக, எல்லாச் சனிக்கிழமையும், நின்றுகொண்டே. நாக்கு அண்ணன் அந்த நேரம் பார்த்துக் கையைக் கழுவப் போய்விடுவார். ஒரு துணுக்கும் வாயில் வைத்ததில்லை என்று முதல் கடிதத்தில் உனக்கு எழுதினேனே, அது பொய். நோட்டில் இருக்கிற எண் எல்லாம் நிஜம். ஆனால் சனிக்கிழமை மதியம் மட்டும் நான் விரலைக் குத்தினதில்லை. போய்ப் பார், அந்தக் கட்டம் வெறுமையாக இருக்கும்.

வழக்கம்போல் சாப்பிடு, எதையும் விடாதே என்று எழுதியிருந்தாய். வழக்கத்தில் அதுவும் சேர்த்தி. இருநூற்றுத் தொண்ணூற்று நாலு என்பது மூன்று சனிக்கிழமையும் சேர்ந்ததுதான்.

நீ என்னைச் சந்தேகப்பட்டுக்கொண்டு இருந்த வரைக்கும் அந்தத் துண்டு எனக்கு உறுத்தியதே இல்லை. எப்படியும் நம்பப் போவதில்லை, அப்புறம் எதற்கு ஒவ்வொன்றாகச் சொல்ல வேண்டும் என்று இருந்தேன். போன சனிக்கிழமை காலையில் உன் கடிதம் வந்தது. எண் எப்படி வந்தாலும் நான் சொல்வதைத்தான் முதலில் கேட்பேன் என்று எழுதியிருந்தாய். மதியம் கேக்கைச் சீவினேன். துண்டு கையில் இருந்தது. வாய் வரைக்கும் கொண்டுபோய்த் திரும்ப இறக்கிவிட்டேன். நாக்கு அண்ணனைக் கூப்பிட்டுக் கொடுத்துவிட்டேன்.

உன்னிடம் இனிமேல் பொய் சொல்ல முடியாது போலிருக்கிறது, அக்கா. நீ நம்பிவிடுகிறாய்.

நண்டு